இறங்க வேண்டிய எண்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் கத்தி வைக்கும் ஊர் ஒன்று, புண் ஆறும் ஊர் வேறு. செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம் ஒன்றியத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு ஆபரேஷன் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடக்கலாம், புதுச்சேரி ஜிப்மரில் நடக்கலாம், சென்னையிலும் நடக்கலாம். சில நாள்களில் தையலோடு வீடு வந்துவிடுவார். அதன்பின் வரும் வாரங்களும் மாதங்களும் வீட்டுத் திண்ணையில்தான் கழிகின்றன. மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் அது தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்தத் திண்ணைக் காலத்தில்தான். அப்போது கையில் கிடைக்கும் முதல் துப்பு, பக்கத்து ஊர் லேப்பில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. சீட்டில் ‘சி.ஆர்.பி.’ என்று ஒரு வரி, எதிரே ஓர் எண், அதற்கும் பக்கத்தில் ‘இயல்பு அளவு’ என்று இன்னோர் எண். முதல் எண் பெரிதாக இருந்தால் கலங்குகிறோம், சிறிதாக இருந்தால் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். கோளாறு இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் எடுத்த ஓர் எண் அதிகம் சொல்லாது. ஆபரேஷனுக்கு முன்பிருந்து தேதிவாரியாக எடுத்த எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் ரத்தம் பேசத் தொடங்கும்.

இது யாருக்கோ எப்போதோ நேரும் விவகாரம் இல்லை. இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஜான் சார்ன்லி. 1962-ல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் இணைத்து அவர் செய்த மூட்டு நிலைத்துவிட்டது. மேலை நாடுகளில் இந்த மூட்டு தேவைப்படுவது பெரும்பாலும் முதுமைத் தேய்மானத்தால். இந்தியாவில் கதை சற்று வேறு. தொடையெலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பே செத்துப்போவது, சரியாகக் கூடாத எலும்பு முறிவு, முதுகையும் இடுப்பையும் இறுக்கிவிடும் வாத நோய் என்று இளவயதிலேயே மூட்டை மாற்ற வேண்டியவர்கள் இங்கே ஏராளம். முப்பத்தைந்து வயதில் பொருத்திய மூட்டு எழுபது வயதுவரை உழைக்க வேண்டும். இடையில் ஒருமுறையாவது அதைத் திறந்து சரிசெய்ய நேரும் வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் ‘ரிவிஷன்’ என்று சொல்லும் மறு ஆபரேஷன் அதுதான். முதல்முறை மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் கிருமித் தொற்று வருகிறது. மறு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

உடம்பில் வேறெங்கும் புகும் கிருமியைவிடச் செயற்கை மூட்டில் புகும் கிருமி பொல்லாதது. காரணம் அந்த உலோகப் பரப்பு. அதில் ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே வெள்ளணுக்களும் மருந்தும் அங்கே எளிதில் எட்டுவதில்லை. குளத்துப் பாறையில் பாசி பிடிப்பதுபோலக் கிருமிகள் அதன்மேல் ஒட்டி, தம்மைச் சுற்றி வழுவழுப்பான படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கின்றன. செஞ்சி மக்களுக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. 1690-ல் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டபோது உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம் இருந்தார். 1698-ல்தான் கோட்டை வீழ்ந்தது. மலைமேல் சுனையும் கீழே களஞ்சியமும் இருந்த கோட்டை வெளியிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. படலத்துக்குள் இருக்கும் கிருமியும் அப்படித்தான். அற்ப ஆகாரத்தில் பாதித் தூக்கத்தில் கிடக்கும். நம் ஆண்டிபயாடிக் மருந்துகளில் பல, மும்முரமாகப் பெருகும் கிருமியைக் கொல்வதில்தான் கெட்டிக்கார மருந்துகள். தூங்குகிற கிருமியிடம் அவற்றின் வேகம் செல்லாது. படலம் முற்றிவிட்டால் மாத்திரையால் மட்டும் தொற்றை ஒழிக்க முடியாமல் மூட்டையே கழற்ற வேண்டி வருவது இதனால்தான்.

இங்கேதான் ரத்தப் பரிசோதனையின் அவசியம் தொடங்குகிறது. பொருத்திய மூட்டு வலிக்கத் தொடங்கினால் அதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வெறுமனே பிடிப்புத் தளர்ந்து ஆடுவது. மற்றொன்று, கிருமி அரித்ததால் தளர்வது. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரியக்கூடும். நடக்கும்போது வலி, தொடை வலி, நொண்டல் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனால் செய்ய வேண்டிய ஆபரேஷன் வேறு. வெறும் தளர்ச்சி என்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் போதும். கிருமி என்றால் உலோகம், சிமென்ட், கெட்டுப்போன சதை அத்தனையும் அகற்ற வேண்டும். அதே மேசையில் புதிய மூட்டை வைப்பவர்கள் உண்டு. பல இடங்களில் ஆண்டிபயாடிக் கலந்த சிமென்ட் பந்தைத் தற்காலிகமாக வைத்து மூடி, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கிருமி போன பின்பு இரண்டாம்முறை திறந்து நிரந்தர மூட்டை வைக்கிறார்கள். எது என்று தெரியாமல் திறந்தால், கிருமிக் குட்டையில் புது மூட்டை நட்டுவைத்த கதையாகிவிடும்.

சி.ஆர்.பி. என்பது ஒரு புரதத்தின் பெயர்ச்சுருக்கம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்து ‘சி’ என்று பெயரிட்ட ஒரு பொருளோடு சேர்ந்து இது திரிந்தது. அதனால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். நோயாளி தேறியதும் அது ரத்தத்திலிருந்து மறைந்தது. இதைச் சுரப்பது கல்லீரல். உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும் இன்டர்லூகின்-6 என்ற தூதுப்பொருள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டுபோகிறது. சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி இரண்டு நாள் வாக்கில் உச்சிக்குப் போகிறது. இதன் தனிச்சிறப்பு வேறொன்று. ரத்தத்தில் உள்ள சி.ஆர்.பி. பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. அடியில் ஒரே அளவு ஓட்டை உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மேலே குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். மட்டம் இறங்காமல் நிற்கிறது என்றால் குழாயை யாரோ இன்னும் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

கூடவே எடுக்கும் ஈ.எஸ்.ஆர். இன்னும் பழைய பரிசோதனை. மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்று பார்ப்பது. அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடி, சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு விரைவாகப் படியும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இது சோம்பேறி. ஆபரேஷனுக்குப் பின் ஒரு வாரத்தில் உச்சிக்குப் போய், இறங்கி முடிக்க மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. ரத்தசோகை இருந்தாலே ஏறியிருக்கும்; தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை உண்டு என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் ஈ.எஸ்.ஆர். எண்ணை வைத்துக்கொண்டு பயப்படுவதிலும் அர்த்தமில்லை, நிம்மதியடைவதிலும் அர்த்தமில்லை. அந்தக் காலத்துக்குச் சி.ஆர்.பி.தான் நம்பகமான துணை.

அது எப்படித் துணை செய்கிறது? மூட்டு ஆபரேஷனே உடம்புக்கு ஒரு பெரிய காயம். கிருமி ஒன்றும் இல்லாவிட்டாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். பிறகு சரசரவென்று இறங்கி, மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படியென்றால் ‘60’ என்ற எண்ணுக்கு என்ன பொருள்? ஐந்தாம் நாளில் அது புண் ஆறுவதன் அடையாளம். ஐம்பதாம் நாளில் அதே 60 அபாயச் சங்கு. இருபதாம் நாளில் 60 என்றால், பத்தாம் நாளில் 110 இருந்ததா, 20 இருந்ததா என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. 110-லிருந்து வந்திருந்தால் தாமதமாக இறங்குகிறது, கவனித்தால் போதும். 20 வரை இறங்கிவிட்டு மீண்டும் 60-க்கு ஏறியிருந்தால் அது வேறு கதை. தொற்றைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஏற்றம்தான். அதைப் பார்க்க முந்தைய எண் வேண்டும். முந்தைய எண் எங்கே? மடித்து வைத்த பையிலோ, பழைய ஆஸ்பத்திரியின் கோப்பிலோ கிடக்கிறது.

வரிசையைக் கெடுக்கும் இன்னொரு வில்லங்கம் சீட்டிலேயே இருக்கிறது. ஒரு லேப் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும். இன்னொன்று டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும். முதல் லேப்பின் 48-ம் இரண்டாம் லேப்பின் 4.8-ம் ஒன்றே. அலகைப் பார்க்காதவர் கண்ணுக்கு 48 ஒரே வாரத்தில் 4.8 ஆக இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். வேறு சில இடங்களில் எண்ணே இருக்காது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தநீரையும் ஒரு சொட்டு மருந்தையும் கலந்து, திரிந்தால் ‘பாசிட்டிவ்’, திரியாவிட்டால் ‘நெகட்டிவ்’ என்று எழுதிக்கொடுத்துவிடுவார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு அது போதலாம். மூட்டைக் கண்காணிக்க அது உதவாது. 15-ம் பாசிட்டிவ்தான், 150-ம் பாசிட்டிவ்தான். எண்ணாகத் தரும் பரிசோதனையைக் கேட்டு, முடிந்தவரை ஒரே லேப்பில் எடுப்பது பணம் செலவில்லாத முன்னெச்சரிக்கை.

இதற்கு எதிராக வரும் முதல் கேள்வி நியாயமானது. சி.ஆர்.பி. எதற்கெல்லாமோ ஏறுகிறதே? உண்மைதான். சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், பல்லில் சீழ், சிக்குன்குனியா எல்லாவற்றுக்கும் அது ஏறும். வாத நோயால் மூட்டு மாற்றியவருக்கு அது முதலிலிருந்தே உயர்ந்துதான் இருக்கும். ஆனால் இந்தக் குறை, தனி எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுபவருக்குத்தான் குறை. ஆபரேஷனுக்கு முன் எடுத்த எண் தாளின் முதல் வரியில் இருந்தால், வாத நோயாளியின் ‘இயல்பு’ எது என்று தெரிந்துவிடும். சளிக்காய்ச்சலில் ஏறிய எண் காய்ச்சலோடு இறங்கும். மூட்டில் கிருமி இருந்தால் காய்ச்சல் போன பின்பும் இறங்காது. ஏறிய அன்றைக்கு வேறென்ன உபாதை இருந்தது என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. எண் இயல்பாக இருந்தும் மூட்டில் கிருமி இருப்பது உண்டா? உண்டு. தோலில் சாதுவாக வாழும் சில கிருமிகள் மூட்டுக்குள் புகுந்தால் பெரிய ஆர்ப்பாட்டம் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். காய்ச்சல் இருக்காது, சீழ் இருக்காது, சி.ஆர்.பி. 10-க்குக் கீழேயே நிற்கும். இந்தப் பலவீனத்தை நிபுணர்களும் மறைக்கவில்லை. மூட்டுத் தொற்றைத் தீர்மானிக்க 2018-ல் வெளியான சர்வதேச வரையறை ஒரு மதிப்பெண் பட்டியலைத் தருகிறது. நாள்பட்ட தொற்றுக்கு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலோ, டி-டைமர் என்ற இன்னொரு ரத்தப் பொருள் உயர்ந்திருந்தாலோ 2 மதிப்பெண். ஈ.எஸ்.ஆர். 30-ஐத் தாண்டினால் 1. தொற்று என்று முடிவுகட்ட வேண்டியது 6. ரத்தப் பரிசோதனை அத்தனையும் உயர்ந்திருந்தாலும் 3-க்கு மேல் வராது. தேர்வில் பாதியைத்தான் ரத்தம் எழுத முடியும். மீதி, மூட்டுக்குள் ஊசி செலுத்தி எடுக்கும் நீரிலிருந்து வர வேண்டும். அதில் வெள்ளணு 3,000-க்கு மேல் இருந்தால் அது ஒன்றே 3 மதிப்பெண். இரண்டு மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தாலோ, மூட்டிலிருந்து தோல்வரை புரையோடி வழி திறந்திருந்தாலோ மதிப்பெண்ணே எண்ண வேண்டியதில்லை. ஆக, ரத்தத்தின் வேலை தீர்ப்புச் சொல்வதில்லை. ஊசி போட வேண்டுமா என்று சொல்வது. அந்த வேலைக்கு அது சரியான ஆள்.

இரண்டு கட்டமாகச் செய்யும் மறு ஆபரேஷனின் இடைக்காலத்தில்தான் எண்ணை அதிகம் நம்பிவிடும் ஆசை வருகிறது. பழைய மூட்டு போய்விட்டது, சிமென்ட் பந்து இருக்கிறது, மருந்து ஓடுகிறது, சி.ஆர்.பி. மளமளவென்று இறங்குகிறது. இறங்கிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா, இரண்டாம் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா? எந்த எண்ணுக்குக் கீழே போனால் கிருமி முழுதும் ஒழிந்தது என்று சொல்லலாம் எனத் தேடியவர்களுக்கு உறுதியான எல்லைக்கோடு கிடைக்கவில்லை. மருந்தின் கால அளவைப் பற்றிப் பிரான்சில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கிறது. மூட்டுத் தொற்றுக்கு ஆபரேஷன் செய்த சுமார் 400 பேரில் ஒரு பிரிவுக்கு ஆறு வாரமும் மறு பிரிவுக்குப் பன்னிரண்டு வாரமும் ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் நிறுத்தியவர்களில் 18.1 சதவீதத்தினருக்குத் தொற்று நீடித்தது. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களில் 9.4 சதவீதத்தினருக்கு. ஆறாவது வாரத்துக்குள் பலருக்குச் சி.ஆர்.பி. அடங்கிவிடக்கூடும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது. இறங்கிய எண் மருந்து வேலை செய்கிறது என்கிறது. வேலை முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை.

பழைய பரிசோதனையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், புதியவை இருக்கின்றனவே என்று கேட்பவர்களும் உண்டு. டி-டைமரை 2018 வரையறை சேர்த்துக்கொண்டது. பிறகு வந்த ஆய்வுகள் அதைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. மூட்டு நீரில் ஆல்ஃபா-டிஃபென்சின் என்ற பொருளைத் தேடுவது துல்லியமானது. ஆனால் விலை அதிகம், பெரிய மையங்களில்தான் கிடைக்கும். அதோடு, கிருமி இல்லாமலே கிருமி வேஷம் போடும் சங்கடமும் இருக்கிறது. உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உராயும் ஏ.எஸ்.ஆர். மூட்டை 2010 ஆகஸ்டில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு 2017-ல் அமைத்த அருண்குமார் அகர்வால் குழு அதை ஆராய்ந்தது; 2018-ல் 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபாய்வரை இழப்பீட்டுக்கு வழி பிறந்தது. அந்த மூட்டு உதிர்த்த கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள சதையை அழுகவைத்து, சீழ் போலவே தோன்றும் நீரைத் தேக்கின. சிலருக்குச் சி.ஆர்.பி.யும் ஏறியது. ரத்தத்தில் கோபால்ட் அளவைப் பார்த்தால்தான் வேஷம் கலைந்தது. புதியதோ பழையதோ, எந்தப் பரிசோதனையும் தனியாக நின்றால் ஏமாறும், ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கடைசியாக ஒரு தடை: கிராமத்து நோயாளி இத்தனை தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டு லேப்புக்கு அலைவாரா? அலையும் தேவை குறைந்துகொண்டுதான் வருகிறது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு வாரம் ஊசி வழியாகத்தான் மருந்து போக வேண்டும் என்ற பழைய நம்பிக்கையை 2019-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று அசைத்துவிட்டது. 1,054 பேரில் ஊசி வழி மருந்து பெற்றவர்களில் 14.6 சதவீதத்தினருக்கும், மாத்திரை சாப்பிட்டவர்களில் 13.2 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது; மாத்திரை எந்த விதத்திலும் இளைத்ததில்லை. தகுந்த மாத்திரை இருந்தால் படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பொருள். அப்போது கண்காணிப்பும் வீட்டுப் பக்கம் வந்தாக வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. இயன்முறை சிகிச்சையும் வருகிறது. மூட்டு மாற்றியவரின் சி.ஆர்.பி. தேதிகளை அதே ஊழியரின் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்குக் கைகொடுக்கிறது. பிறகு வரும் சில நூறு ரூபாய்ப் பரிசோதனையில் கைவிட்டால் முதலில் போட்டதும் வீணாகும். இன்னொன்றும் அவசியம். இடுப்பு வலிக்கிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் போடும் ஆண்டிபயாடிக் ஊசி எண்ணை இறக்கிவிடும், கிருமியை ஒழிக்காது. மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் கிருமி வளராமல் போய்விடும். அந்த ஊசி துப்பையே அழித்துவிடுகிறது. ஆபரேஷன் செய்த மருத்துவரைக் கேட்காமல் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆகவே வேண்டியது ஓர் அட்டை. அதில் ஆபரேஷனுக்கு முந்தைய எண் முதல் வரி. பிறகு மருத்துவர் குறித்துக்கொடுத்த நாள்களில் எடுத்த ஒவ்வோர் எண்ணும், தேதியோடும் அலகோடும். பக்கத்தில், அன்றைக்குக் காய்ச்சலோ புண்ணோ இருந்ததா, என்ன மருந்து ஓடியது என்ற குறிப்பு. எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த அட்டை கூடவே போக வேண்டும். எண்கள் இறங்கி, வலியும் இறங்கினால் நிம்மதியாக நடக்கலாம். எண் இறங்கி மறுபடி ஏறினால் அன்றே கிளம்ப வேண்டும். எண் இறங்கிவிட்டது, வலி மட்டும் இறங்கவில்லை என்றால்? பாதி மதிப்பெண்தான் ரத்தத்தின் கையில் என்பதை நினைத்துக்கொண்டு, அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியது அப்போதும்தான்.